மேலே பார்க்காத ஊர்

“சாவியக் குடுண்ணே.”

“இன்னிக்கு நாள் சரியில்ல.”

“நேத்தும் இதான் சொன்ன. எங்கிட்ட காசு வாங்கிக் கட்டினப்ப நாள் பாத்தியா? உள்ள போயி ஒரு தடவ பாக்கிறதுக்கு மட்டும் நாள் பாக்கணுமா?”

“கத்தாத ருமி. உள்ள குஞ்சு இருக்கும், பயந்துரும்.”

“நான் கத்தினா பயந்துரும். அது கத்தினா பயப்படாதா?”

அவள் கையை உயர்த்திக் காட்டியது கட்டடத்தின் உச்சியிலிருந்த ஒலிபெருக்கியை. நான்கு மாடி உயரத்தில் கறுப்புச் சதுரமாக ஒரு துவாரம். அதன் ஓரத்தில் கட்டிய பெட்டியிலிருந்து உழவாரன் குருவிகளின் கீச்சொலி விடிந்தது முதல் அடையும் வரை கொட்டிக்கொண்டே இருக்கும். பதிவு செய்த சத்தம்தான். வெளியே பறக்கும் குருவிகள் அதைக் கேட்டு, உள்ளே சொந்தபந்தம் இருக்கிறது என்று நம்பி நுழைந்து, சுவரில் எச்சிலால் கூடு கட்டும். அந்தக் கூட்டைப் பெயர்த்து விற்றால் சீனாவில் சூப்பு வைத்துக் குடிப்பார்கள். நாம் பணக்காரர் ஆகிவிடுவோம். ஏற்பாடு இவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு இந்தச் சண்டை. அண்ணன் பர்லானின் மனைவி முர்னி சமையலறையில் வேர்க்கடலை அரைத்துக்கொண்டிருந்தவள் அம்மிக் குழவியை நிறுத்திவிட்டாள். மோட்டார் சைக்கிளில் காய்கறி கொண்டுவருபவன் ஒரு கட்டுக் கீரையைக் கால்மணி நேரமாக நிறுத்துக்கொண்டிருந்தான். கீரை வாங்க வந்தவர்களும் அவசரப்படவில்லை. அண்ணனும் தங்கையும் சத்தம் போட்டுக்கொள்வது எங்கள் தெருவில் புதிதல்ல. ஆனால் குருவி வீட்டு வாசலில் நின்று, சாவியைக் கொடு, உள்ளே பார்க்கவேண்டும் என்று கேட்ட முதல் ஆள் ருமியாத்திதான்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஒன்பது வருடம் ஊரில் இல்லாதவள். மரியாதை மறந்துவிட்டது.

ருமியாத்திக்கு நாற்பத்திரண்டு வயது. தைவானில் கை கால் விழுந்த ஒரு கிழவரைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கிழவர் தொண்ணூறு கிலோ. சாகும்போது எண்பதுதானாம், ஆனாலும் அதற்குள் அவளுடைய இரண்டு முழங்காலும் அவரோடு சேர்ந்து போய்விட்டன. அவள் போன நான்காவது வருடம் புருஷன் கைப்பேசியில் ஒரு வரி எழுதி விவாகரத்துச் சொல்லிவிட்டு சுமத்ராவுக்குப் போய்விட்டான். பிள்ளை கிடையாது. இருந்ததெல்லாம் இந்தக் கட்டடம் ஒன்றுதான்.

கட்டடம் அண்ணன் பேரில் இருந்தது. நிலம் அப்பாவுடையது, கட்டியது அவள் அனுப்பிய பணத்தில். முதலில் இரண்டு மாடி என்றுதான் பர்லான் சொன்னான். அடுத்த வருடம், குருவிகளுக்கு இடம் போதவில்லை, மூன்றாவது மாடி போடவேண்டும் என்றான். அதற்கு இரண்டு வருடம் கழித்து நான்காவது. கூடு விற்ற பணம் எங்கே என்று அவள் எப்போதாவது கேட்டால், எல்லாம் கட்டடத்திலேயேதான் போடுகிறேன் என்று பதில் வரும். அவளும் தன்னோடு வேலை செய்த பெண்களிடம், எங்கள் வீட்டில் குருவிகளுக்கு இடம் போதவில்லையாம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிழவர் செத்தார். அவள் ஊருக்கு வந்தாள். வந்து மூன்று வாரம் ஆகிறது. இனி இங்கேயே இருந்துவிடலாம் என்றுதான் பெட்டியைக் கட்டினாள். ஆனால் ஆள் அனுப்பும் ஏஜெண்ட் விடவில்லை. இன்னொரு கிழவர் தயாராக இருக்கிறார், மூன்று வருட ஒப்பந்தம், திங்கட்கிழமை விடியற்காலை வேன் வரும், வருகிறாயா இல்லையா என்று நாள் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தான். கட்டடத்தில் குருவி இருந்தால் அவள் போகவேண்டாம். இல்லையென்றால் முழங்காலைக் கட்டிக்கொண்டு வேனில் ஏறவேண்டும். இதற்காகத்தான் அவளுக்குச் சாவி வேண்டியிருந்தது.

பர்லான் அன்றும் கொடுக்கவில்லை. லெகி நாளில் திறக்கக் கூடாது என்றான். எங்கள் பழைய நாள்கணக்கில் லெகி என்ற நாள் ஐந்து நாளுக்கு ஒரு முறை வரும். ஆனால் பர்லானின் கணக்கில் அந்த மூன்று வாரமும் தினமும் லெகியாக இருந்தது.

இங்கே எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் உள்ள சின்ன ஊர். நாங்கள் ஓட்டு வீட்டில் ஒற்றை மாடியில் இருப்போம். குருவிகளுக்கு ஜன்னலில்லாத மூன்று மாடி, நான்கு மாடி கட்டிக் கொடுத்திருக்கிறோம். மொத்தம் முப்பத்தொரு கட்டடம். பாதிக்கு மேல் தைவான் பணம், ஹாங்காங் பணம், மலேசியப் பணம். அத்தனையும் ஒன்றாகக் கீச்சிடும்போது தொழுகை அழைப்பே காதில் விழாது. அதனால் அழைப்பு நேரத்தில் மட்டும் எல்லாரும் அணைத்துவிடவேண்டும் என்று எங்கள் ஊர்த்தலைவர் லூரா உத்தரவு போட்டிருந்தார். அவருக்கும் ஒரு கட்டடம் இருந்தது. ஐந்து மாடி.

குருவி வீட்டுக்காரரிடம் எத்தனை குருவி என்று கேட்கக் கூடாது. கேட்டால் இருப்பதும் போய்விடும். குருவி இல்லை என்று வாயால் சொல்லவே கூடாது. சொன்னால் அந்தத் தெருவுக்கே வராது. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது, ஆனால் எல்லாரும் கடைப்பிடித்தோம். எங்கள் ஊர்க்காரர்கள் பொய் சொல்பவர்கள் அல்ல. யாராவது வெளியூர்க்காரர் வந்து குருவி எப்படி என்று கேட்டால் காப்பி கொடுப்போம்.

வெளிநாட்டில் இருக்கும் பெண்கள் படம் அனுப்பச் சொல்லிக் கேட்பார்கள். அதற்கும் ஒரு வழி இருந்தது. லூராவின் வீட்டில் ஒரு நீலப் பிளாஸ்டிக் தாம்பாளம் நிறைய நல்ல வெள்ளைக் கூடுகள் இருந்தன. ஆற்றங்கரையில் பழைய கட்டடம் வைத்திருக்கும் ஹாஜியிடம் விலைக்கு வாங்கியவை. கேட்டவர்களுக்கு அரைநாள் இரவல் கொடுப்பார். தாம்பாளத்தை மடியில் வைத்துப் படம் எடுத்து அனுப்பிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். தைவானில் ஒரே ஊர்ப் பெண்கள் மூன்று பேர் ஒருநாள் சந்தித்து ஆளுக்கு ஆள் படத்தைக் காட்டிக்கொண்டபோது மூன்றிலும் நீலத் தாம்பாளம் இருந்திருக்கிறது. சந்தையில் எல்லாரும் ஒரே கடையில் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தோம் என்று ருமியாத்தி பிறகு சொன்னாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சர்க்கரை ஆலைக்குப் பின்னால் மின்கம்பி அறுந்தது. ஊர் முழுக்க மின்சாரம் போய்விட்டது. முப்பத்தொரு ஒலிபெருக்கியும் ஒரே நொடியில் வாயை மூடின. ஓரிரண்டு வீட்டில் பேட்டரி இருந்தது. பத்து நிமிடம் முனகிவிட்டு அதுவும் அடங்கியது.

அப்படி மின்சாரம் போகும் சாயங்காலங்களில் நாங்கள் வீட்டுக்குள் போய்விடுவோம். உழவாரன் பொழுது சாயும்போதுதான் கூட்டுக்குத் திரும்பும். பெட்டி கத்தினால் குருவிகள் எல்லாக் கட்டடத்தையும் சும்மாவாவது சுற்றும். கத்தாத நேரத்தில் எந்தத் துவாரத்தில் குருவி நுழைகிறது, எதில் நுழையவில்லை என்பது நிமிர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். அடுத்தவர் கட்டடத்தை அந்த நேரத்தில் பார்ப்பது, குளித்துக்கொண்டிருப்பவரை எட்டிப் பார்ப்பதற்குச் சமம். ஆகவே கதவைச் சாத்திக்கொண்டு, மெழுகுவர்த்தி தேடுவதுபோல் ஏதாவது செய்துகொண்டிருப்போம். ஜன்னல் இடுக்கு வழியாக நான் பார்த்திருக்கிறேனா என்று கேட்காதீர்கள்.

ருமியாத்தி மட்டும் முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொசு கடிக்கும், உள்ளே வாருங்கள் என்று முர்னி இரண்டு தடவை கூப்பிட்டாள். இங்கே காற்று வருகிறது என்றாள் இவள். சத்தம் நின்றதும் அவளுக்குக் காது அடைத்ததுபோல் இருந்தது. தானாகவே நிமிர்ந்தாள்.

ஆற்றங்கரைப் பக்கம் ஹாஜியின் கட்டடத்தின் மேல் குருவிகள் புகைபோல் சுழன்றன. நூறா, ஆயிரமா, எண்ண முடியாது. ஒவ்வொன்றாக உள்ளே விழுந்துகொண்டிருந்தன. அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டடங்களின் மேல் கொஞ்சம். மற்றவற்றின் மேல் வெறும் வானம். அவள் தன் கட்டடத்தின் துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தைலம் உள்ளங்கையில் காய்ந்தது. மசூதியில் ஒலிபெருக்கி இல்லாமல் வெறும் குரலில் அழைப்புச் சொன்னார்கள். கடைசியில் துவாரத்திலிருந்து ஒன்று வந்தது. உள்ளே போகவில்லை, வெளியே வந்தது. வௌவால்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். பர்லான் மெழுகுவர்த்தி முன்னால் உட்கார்ந்திருந்தான். அவள் கையை நீட்டினாள். அவன் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து, அவள் கையில் வைக்காமல், தானே எழுந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

உள்ளே புதுச் சிமெண்டு வாசனை இன்னும் போகவில்லை. கூரைக்குக் கீழே வரிசையாகப் பலகைகள். குருவி கூடு கட்டவேண்டிய பலகைகள். ஈரத்துக்காக வைத்த தண்ணீர்த் தொட்டிகள். மூலைக்கு மூலை சின்ன ஒலிபெருக்கிகள். ஒரு பலகையில் இரண்டு கூடுகள் தெரிந்தன. அவள் கிட்டப் போய்த் தொட்டாள். பிளாஸ்டிக். குருவிக்கு மாதிரி காட்டுவதற்காகக் கடையில் விற்பார்கள்.

அவளை நிறுத்தியது அதுகூட இல்லை. தரை. எச்சம் இல்லை, தூசி இல்லை, ஒரு சிலந்தி வலை இல்லை. பண்டிகைக்கு முதல்நாள் வீடுபோல் இருந்தது.

“தெனம் பெருக்குறியா?”

“காலையில. வந்தா குப்பையா இருக்கக் கூடாதில்ல.”

“எத்தன வருஷமா?”

“ஆறு.”

இரண்டாவது மாடியும் அப்படித்தான். மூன்றாவது மாடிப் படியில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

“நாலாவதும் இதே மாதிரிதானா?”

“இதே மாதிரிதான்.”

“அப்ப வேணாம். முட்டி வலிக்குது.”

படியில் உட்கார்ந்துகொண்டார்கள். பர்லான் அங்கேதான் எல்லாவற்றையும் சொன்னான். முதல் வருடம் ஒரு ஜோடி வந்தது. இரண்டு நாள் சுற்றிவிட்டுப் போய்விட்டது. குருவி நிபுணர் என்று ஒருவரைக் கூட்டிவந்தான். உயரம் போதாது என்றார் அவர். உயர்த்தினான். சத்தம் பழசு என்றார். புதுச் சத்தம் வாங்கினான். வாசனை வேண்டும் என்றார். எங்கிருந்தோ எச்சத்தூள் வாங்கிவந்து சுவரெல்லாம் பூசினான். அதைத்தான் பிறகு ஒரு வாரம் கழுவிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவையும், இது முடிந்ததும் தங்கையிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தானாம். ஒரு தடவை லூராவிடம் போய், உங்களுடையதில் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டிருக்கிறான். லூரா காப்பி கொடுத்தார்.

அவன் ஒரு ரூப்பியாகூடத் தின்னவில்லை. அதுதான் கேவலம். தின்றிருந்தால் திட்டவாவது செய்திருக்கலாம் என்று அவள் பிறகு முர்னியிடம் சொன்னாளாம்.

சனிக்கிழமை காலையிலேயே லூரா வந்துவிட்டார். அண்ணனும் தங்கையும் உள்ளே போய் வந்தது அவருக்கு எப்படித் தெரியும் என்று ஆச்சரியப்படவேண்டாம். தெருவில் நாங்கள் எதற்கு இருக்கிறோம். அவர் திட்டவில்லை. ஒரு நல்ல சேதி கொண்டுவந்திருந்தார். மலை மேட்டுக் கிராமத்திலிருந்து சகிமின் என்று ஒருவர் ஞாயிற்றுக்கிழமை குருவி வீடு வாங்க வருகிறார். உண்மையில் லூராவின் ஐந்து மாடியைப் பார்க்கத்தான் வருகிறார். பரவாயில்லை, உங்கள் கட்டடத்தையே காட்டிவிடுகிறேன் என்றார் லூரா. வெளிநாட்டில் கஷ்டப்பட்ட பெண், முதலில் உனக்கு வழி பிறக்கட்டும் என்றார்.

லூரா தர்மம் செய்யும்போது எதையோ மூடுகிறார் என்று அர்த்தம். ருமியாத்தி திங்கட்கிழமை வேனில் ஏறுவதற்குமுன் தெருவில் நின்று, உள்ளே ஒன்றுமில்லை என்று கத்திவிட்டுப் போனால் ஆற்றங்கரை மூன்றைத் தவிர மற்ற இருபத்தெட்டுக் கட்டடங்களும் வெறும் சுவர் ஆகிவிடும். விற்றுக் கொடுத்துவிட்டால் அவள் வாய் தானாக அடங்கும். நீ பொய் சொல்லவேண்டியதில்லை, பேசாமல் இருந்தால் போதும் என்றார் அவர். முர்னி வறுத்த வாழைப்பழம் கொண்டுவந்து வைத்தாள்.

ருமியாத்தி ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் நொண்டிக்கொண்டே பேருந்து நிலையத்துக்கு எதிரே காலியாக இருந்த சாப்பாட்டுக் கடையைப் போய்ப் பார்த்தாள். வாடகை கேட்டாள். அடுப்பு எந்தப் பக்கம் வைக்கலாம், காலைப் பேருந்துக்கு எத்தனை பேர் இறங்குவார்கள் என்றெல்லாம் விசாரித்தாள். உட்கார்ந்துகொண்டே சோறு பரிமாறும்படி மேடையைத் தாழ்த்த முடியுமா என்றுகூடக் கேட்டாள். கடைக்குச் சொந்தக்காரி எனக்குத் தூரத்து உறவு, அதனால் தெரியும். ஆக, அவள் ஒன்றும் தியாகி அல்ல. அந்தப் பணம் அவளுக்கு வேண்டியிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வரை அவள் பேசாமல் இருப்பதாகத்தான் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு சகிமின் பழைய மோட்டார் சைக்கிளில் வந்தார். அறுபது வயதிருக்கும். கஞ்சி போட்ட பாத்திக் சட்டை, தலையில் கறுப்புத் தொப்பி. வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஒரு பை நிறைய சலாக் பழம் கொண்டுவந்திருந்தார். முற்றத்தில் பாய் விரித்து உட்காரவைத்தார்கள். காப்பி வந்தது. லூரா பேசினார். லூரா பேசும் அழகைச் சொல்லவேண்டும். அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

சத்தம் கேட்கிறதல்லவா என்றார். கேட்கிறது என்றார் சகிமின். கட்டடம் உறுதியானது என்றார். உண்மைதான். நான்கு மாடி, நல்ல ஈரப்பதம், நல்ல உயரம் என்றார். அதுவும் உண்மைதான். ஆற்றங்கரை ஹாஜியுடைய கூடு எந்த ஊருக்கெல்லாம் போகிறது என்றார். எல்லாம் உண்மை. உள்ளே பார்க்கலாமா என்று சகிமின் தயங்கிக் கேட்டபோது மட்டும், இன்றைக்கு நாள் சரியில்லை என்றார். சகிமின் உடனே தலையாட்டிவிட்டார். வழக்கம் தெரிந்த மனிதர். தானே அப்படிக் கேட்டதற்கு மன்னிப்பும் கேட்டார்.

பிறகு கைப்பேசியை எடுத்தார். கட்டடத்தைப் படம் பிடிக்க முயன்றார். நான்கு மாடியும் அதற்குள் அடங்கவில்லை. பின்னால் நகர்ந்து நகர்ந்து கோழிக்கூடு வரை போய்விட்டார்.

“எம் மகளுக்கு அனுப்பணும்ங்க. அவ காசுதான் எல்லாம். ஹாங்காங்ல ரெண்டு பிள்ளைங்களப் பாத்துக்கிறா. ஏழு வருஷமாச்சு.” ருமியாத்தியைப் பார்த்தார். “நீங்களும் வெளிநாட்டுல இருந்தவங்கன்னு லூரா சொன்னாரு. கொஞ்சம் பக்கத்துல நில்லுங்கம்மா. உங்களப் பாத்தா அவளுக்குத் தைரியமா இருக்கும்.”

ருமியாத்தி போய் நின்றாள். மதிய வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சகிமின் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, விரலை எங்கே அழுத்துவது என்று தேடினார். லூரா எழுந்துபோய் அழுத்திக் கொடுத்தார். படம் விழுந்தது. இன்னொன்று, சிரித்தமாதிரி ஒன்று என்றார் சகிமின். அதுவும் விழுந்தது.

“இத முடிச்சா அவ திரும்பி வந்துருவாளாங்க?” என்று கேட்டாள் அவள்.

“வந்துருவா. ரெண்டே வருஷம்னு சொல்லிருக்கா. அதுக்குள்ள குருவி குட்டி போட்டுப் பெருகிரும்ல.”

“குருவி குட்டி போடாதுங்க. முட்ட போடும்.” அவள் சிரிக்கவில்லை. “இங்க அதுவும் போடாது. உள்ள குருவியே இல்லங்கய்யா. ஒண்ணுகூட இல்ல.”

மேலே ஒலிபெருக்கி விடாமல் கீச்சிட்டது. லூரா சிரித்தார். ரொம்ப வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்த பெண், நம் வழக்கமெல்லாம் மறந்துவிட்டது, வாயால் சொல்லக் கூடாது என்பது தெரியவில்லை என்று சகிமினிடம் சமாதானம் சொன்னார். சகிமின் யாரை நம்புவது என்று தெரியாமல் கைப்பேசியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் பர்லானைப் பார்த்து, நீங்கள் சொல்லுங்கள் தம்பி, கட்டடம் உங்கள் பேரில்தானே இருக்கிறது என்றார்.

பர்லான் லூராவைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. முழங்காலைக் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“கூடு ரெண்டு இருக்குங்க,” என்றான். “ரெண்டும் பிளாஸ்டிக். நாந்தான் ஒட்டினேன்.”

சொல்லிவிட்டு அவன் உள்ளே போய் மின்சாரச் சுவிட்சை இறக்கினான். எங்கள் தெருவில் ஆறு வருடமாகக் கத்திய பெட்டிகளில் ஒன்று பட்டப்பகலில் நின்றது. மற்றவை கத்திக்கொண்டிருந்ததால் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் சொல்லவேண்டும்.

லூராவுக்கு முகம் கறுத்துவிட்டது. சகிமின் இருப்பதையும் மறந்து பேசினார்.

“ஒரு வீட்டுக்காக ஊரையே கவுத்துட்டியேம்மா. யார் உங்கிட்ட பொய் சொன்னா? நான் சொன்னேனா? ஒரு வார்த்த சொன்னேனா?”

“சொல்லலீங்க. ஒருத்தரும் சொல்லல,” என்றாள் ருமியாத்தி. குரல் உயரவில்லை, ரொம்பக் களைத்துப்போயிருந்தது. “கேட்டப்ப எல்லாரும் சும்மா இருந்தீங்க. அந்தச் சும்மாவுக்குத்தான் நான் ஒம்பது வருஷம் கெழவரத் தூக்கினேன். எங்கண்ணன் சொன்னது ஒரு பொய்தான். ஊரு சும்மா இருந்ததுதான் அதுக்கு மாடி மேல மாடி கட்டுச்சு. காசு போடுறவங்க கண்ணால பாக்காம போடக் கூடாது. பாத்தவங்க வாய மூடிக்கிட்டு இருக்கக் கூடாது. இது தெரிஞ்சுக்க எனக்கு ரெண்டு முட்டி போச்சு. அந்தப் பொண்ணுக்காவது மிச்சமிருக்கட்டும்.”

வேலிக்கு இந்தப் பக்கம் நாங்களும் நின்றிருந்தோம். எங்களில் மூன்று பேருக்கு ஹாங்காங்கில் பெண் இருந்தாள், ஒருவருக்கு மலேசியாவில் மருமகள். எல்லாரும் நீலத் தாம்பாளத்தை ஒருமுறையாவது மடியில் வைத்துப் படம் எடுத்தவர்கள். ஒருவரையொருவர் பார்க்காமல் கலைந்தோம்.

சகிமின் ஆறிப்போன காப்பியை மரியாதைக்காக முழுக்கக் குடித்தார். எடுத்த படங்களை அழிக்கத் தெரியாமல் கைப்பேசியை ருமியாத்தியிடமே கொடுத்தார். அவள் இரண்டையும் அழித்துக் கொடுத்தாள். என் மகளிடம் என்ன சொல்வேன் என்று அவர் கேட்கவில்லை. மகள் பெயர் சுந்தாரி என்று மட்டும் சொன்னார். பிறகு மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை விடியற்காலை வேன் வந்தது. பர்லான் பெட்டியைத் தூக்கி ஏற்றினான். அவள் ஒரு காலை முதலில் வைத்து, பிறகு கையால் மற்றக் காலைத் தூக்கி வேனுக்குள் வைத்துக்கொண்டாள். இனிமேல் என் சம்பளம் என் பேரில் என் கணக்கில் இருக்கும், நீ பிழைக்க வேறு வழி பார் என்று அண்ணனிடம் சொன்னாள். சரி என்றான். முர்னி பொட்டலம் கட்டிக் கொடுத்த சோறு வேன் ஜன்னல் வழியாகப் போனது. தெருவில் ஓரிரு கதவுகள் திறந்தன. வழியனுப்ப யாரும் வெளியே வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவது.

அன்று சாயங்காலம் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தன் மகளுக்குப் போன் போட்டு நெடுநேரம் பேசினார். என்ன பேசினார் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. கடைசியில் இரண்டு பேரும் அழுதது மட்டும் சுவர் வழியாகக் கேட்டது. அந்த மாதத்துக்குள் ஒன்பது பெட்டிகள் நின்றன. வருட முடிவில் கத்திக்கொண்டிருந்தவை ஆற்றங்கரை மூன்றும் லூராவுடையதும்தான்.

லூரா அடுத்த தேர்தலில் நிற்கவில்லை. சுரபாயாவில் மகன் வீட்டோடு போய்விட்டார். அவருடைய ஐந்து மாடி இன்னும் விலைக்கு இருக்கிறது. பர்லானும் முர்னியும் கலிமந்தானில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் கூலிக்குப் போனார்கள், அங்கேயே இருந்துவிட்டார்கள். கட்டடத்தின் கீழ்மாடியில் சுவரை உடைத்து ஜன்னல் வைத்து, பேருந்து நடத்துநர் ஒருவர் குடும்பத்தோடு குடியிருக்கிறார். சகிமினின் மகள் சுந்தாரி ஒரு வருடத்தில் திரும்பி வந்தாள். அனுப்பிய பணத்தில் தகப்பனோடு போய், ஒவ்வொரு வரப்பையும் நடந்து பார்த்து ஒரு துண்டு நிலம் வாங்கினாள். ஒரு லாரி ஓட்டுநரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஊருக்கே அழைப்பு வந்தது, போய்ச் சாப்பிட்டோம்.

ருமியாத்தி மூன்று வருடம் முடித்து, இன்னும் மூன்று வருடம் எழுதிக் கொடுத்தாள். பிறகு தைவானிலேயே சந்தையில் மீன் விற்கும் ஒருவரைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டதாகக் கேள்வி. அந்தக் கல்யாணத்துக்கு எங்கள் ஊரிலிருந்து யாரையும் கூப்பிடவில்லை.